கதிர் வராத புல்லை இலையை வெட்டி அடையாளம் காண்பது எப்படி?

சாமை, பனிவரகு, கினியா புல் மூன்றையும் ஒரு காலத்தில் பேனிக்கம் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். பிறகு கினியா புல்லை மட்டும் வெளியே எடுத்துவிட்டார்கள். அது வேறு கூட்டம் என்பதை ஒரு பிளேடும் மைக்ராஸ்கோப்பும் இருந்தால் நீங்களே பார்க்கலாம், கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் இலை. நன்றாக விரிந்த இலையின் நடுப்பகுதியில், நடுநரம்பையும் ஓரத்தையும் விட்டு 1 செ.மீ துண்டு எடுங்கள். எல்லாச் செடியிலும் அதே இடம்தான், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கேரட் துண்டைப் பிளந்து அதில் இலையைச் செருகி, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு, புது பிளேடால் நரம்புக்குக் குறுக்கே சீவுங்கள். ரம்பம் மாதிரி அறுக்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். முப்பது சீவலாவது போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கண்ணாடி மாதிரி மெலிந்தது இரண்டு மூன்று தேறும். ஒரு ஓரம் மட்டும் மெலிந்திருந்தாலும் போதும்.

சாயம் இப்போதே போடாதீர்கள்! நமக்கு வேண்டியது இலையின் சொந்தப் பச்சைதான். தண்ணீர்ச் சொட்டில் வைத்து, கவர் ஸ்லிப் மூடி, 100 மடங்கில் ஒரு பெரிய நரம்பைத் தேடிப் பிடித்து 400 மடங்குக்குப் போங்கள்.

நரம்பைச் சுற்றிப் பெரிய செல்கள் மாலை மாதிரி நிற்கும். அதுதான் கிரான்ஸ் அமைப்பு, ஜெர்மன் மொழியில் கிரான்ஸ் என்றால் மாலை. உள்ளே தண்ணீர் கடத்தும் இரண்டு சைலக் குழாய்கள் கண்கள் மாதிரித் தெரியும். அந்தக் குழாய்க்கும் பச்சை மாலைக்கும் நடுவில் நிறமில்லாத சின்னச் செல் வரிசை இருக்கிறதா? நம் மூன்று புல்லிலும் இருக்கும். தினை இலையை வெட்டினால் இருக்காது, பச்சை செல் நேராகக் குழாயைத் தொடும். சந்தேகம் வந்தால் அப்புறம் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் விடுங்கள், அந்த உள்வரிசையின் சுவர்கள் சிவக்கும்.

சரி, இப்போது முக்கியமான இடம். மாலைச் செல்லுக்குள் பசுங்கணிகங்கள், அதாவது பச்சை நிறம் தரும் சின்ன மணிகள், எங்கே கூடியிருக்கின்றன? சாமையிலும் பனிவரகிலும் நரம்பை ஒட்டி உள்பக்கம் குவிந்திருக்கும். கினியா புல்லில் அப்படி உள்ளே ஒதுங்காமல் வெளிப்பக்கமாகவோ செல் முழுக்கப் பரவியோ இருக்கும். இந்த மாலைச் செல்லுக்குள் கரியமில வாயுவை விடுவிக்கும் நொதியே இரண்டு கூட்டத்திலும் வேறு, அதனால்தான் இந்த அடையாளத்தை நான் இலையின் அகலம், மயிர் போன்றவற்றைவிட அதிகம் நம்புகிறேன்.

சாமையையும் பனிவரகையும் தங்களுக்குள் பிரிக்க இந்த வெட்டு உதவாது, அதற்குக் கதிரையும் மணியையும்தான் பார்க்க வேண்டும்.