எல்ஃப் மொழிகளில் வேர்ச்சொல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜே. ஆர். ஆர். டோல்கியன் தம் புனைவுலகின் எல்ஃப் மக்களுக்காக உருவாக்கிய க்வென்யா, சிந்தாரின் ஆகிய இரு மொழிகளும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்பது அவ்வுலகின் வரலாறு. ஆகவே ஒரு வேர் எந்தெந்த ஒலிமாற்றங்களைக் கடந்து இன்றைய சொல்லாயிற்று என்பதற்கு அங்கே விதிகள் உண்டு. அவ்விதிகளைப் படிக்காமல், காதுக்கு ஒத்து ஒலிக்கும் சொற்களையெல்லாம் ஒரே குடும்பமாக்குவதுதான் தொடக்க நிலையினர் செய்யும் முதல் தவறு.

கலட்ரியெல் என்னும் அரசியின் பெயர் இதற்கு நல்ல சான்று. மரங்களின் மேல் வாழும் மக்களை ஆள்பவள் என்பதால், மரத்தைக் குறிக்கும் 'கலத்' என்ற சொல்லே அவள் பெயரில் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதிலுள்ளது ஒளியைக் குறிக்கும் 'கலட்'. பெயரின் பொருள் ஒளிமாலை சூடிய மங்கை என்பதாகும். கதைக்குள்ளேயே, அவள் ஆளும் காட்டுநாடான லோரியனுக்கு வெளியே வாழ்ந்த, பழைய வரலாறு அறியாதவர்கள் மரத்தோடு குழப்பிக்கொண்டு அப்பெயரைக் 'கலத்ரியெல்' என்று திரித்துவிட்டதாக டோல்கியன் குறித்துள்ளார். வாசகர் செய்யப்போகும் பிழையை ஆசிரியர் முன்கூட்டியே தம் மாந்தருக்குக் கொடுத்துவிட்டார் போலும்!

இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது: உறவுள்ள சொற்கள் உறவில்லாதவை போலத் தோன்றும். 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய 'க்வெட்' என்ற வேரை எடுத்துக்கொள்வோம். தாய்மொழியின் 'க்வ' ஒலி க்வென்யாவில் நிலைத்தது. சிந்தாரினில் 'ப' ஆயிற்று. எனவே க்வென்யாவில் 'க்வெட்டா' என்றும் சிந்தாரினில் 'பெத்' என்றும் வழங்குவது ஒரே வேரின் விளைவே. இரண்டுக்கும் பொருள் 'வார்த்தை'. மோரியா என்னும் நிலத்தடி நகரின் வாயிலில் பொறிக்கப்பட்ட 'பெடோ மெல்லோன்' ('நண்பன்' என்று சொல்) என்ற தொடரின் ஏவல் வினையும் இவ்வேரிலிருந்து வந்ததே. அதே வாயிலின் முன் கேண்டால்ஃப் என்னும் மந்திரவாதி உரைக்கும் 'லஸ்டோ பெத் லம்மென்' (என் நாவின் சொல்லைக் கேள்) என்பதில் ஒரு நுட்பம் உள்ளது. அங்கே 'பெத்' செயப்படுபொருளாக வினைக்குப் பின் நிற்பதால், முதலெழுத்து 'பல்' என்பதில் உள்ளதுபோல் ஒலிக்காமல் 'அம்பு' என்பதில் உள்ள பகரம்போல் மெலிகிறது. அகராதியில் மெலிந்த வடிவத்தைத் தேடுவோர்க்கு எதுவும் கிடைக்காது. நன்னூல் வழியில் வல்லினம் மிகும் இடங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, முதலெழுத்தே மெலியும் சந்தி புதிது. அதிலும் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிவைத்தால் இரண்டு பகரத்துக்கும் வேறுபாடே தெரியாது. ஆதலால் ரோமன் எழுத்து வடிவத்தையும் உடன் குறித்துக்கொள்வது நல்லது.

சிந்தாரினில் பன்மையிலும் உயிரொலிகள் மாறும். குன்றைக் குறிக்கும் 'அமோன்' பன்மையில் 'எமின்' ஆகும். இவற்றை இரு வேர்களாகப் பிரிக்கக் கூடாது.

மூன்றாவது தவறு, நம் உலகின் மொழிகளில் வேர் தேடுவது. கதையின் கொடுங்கோலனான சவுரோனின் பெயர் பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததென்றும், மோரியா விவிலியத்தின் மோரியா நாடே என்றும் கருதியவர்கள் உண்டு. 1967இல் எழுதிய ஒரு கடித வரைவில் டோல்கியன் இரண்டையும் மறுத்தார். முன்னது 'வெறுக்கத்தக்க' என்ற பொருளுடைய எல்ஃப் வேரிலிருந்து பிறந்தது. பின்னது 'மோர்' என்ற கருமையும் 'இயா' என்ற படுகுழியும் சேர்ந்தது. ஆனால் கதையில் வரும் கடலோடியான எயாரெண்டிலின் பெயரைப் பழைய ஆங்கிலத்திலிருந்து எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மறுப்பதும் சரியன்று.

காலத்தைக் கலப்பது அடுத்த தவறு. 1930களில் அவர் தொகுத்த வேர்ச்சொல் பட்டியலை மகன் கிறிஸ்டோபர் 1987இல் பதிப்பித்தார். அதில் சிந்தாரின் என்ற மொழியே இல்லை; பின்னர் சிந்தாரினாக மாறிய நோல்டோரின்தான் உண்டு. இலைக்கு அங்கே 'ல்ஹஸ்' என்றிருப்பது பிற்காலச் சிந்தாரினில் 'லஸ்' ஆயிற்று. பட்டியலின் வடிவத்தை அப்படியே எடுத்துப் பிற்காலச் சொற்களோடு ஒட்டிப் பெயர் அமைத்தால், இரண்டு காலத்து இலக்கணமும் ஒரே சொல்லில் மோதிக்கொள்ளும்.

வேரையே சொல்லாக வழங்குவதும் பிழை. பட்டியலில் பெரிய எழுத்தில் உள்ளவை பேச்சில் வழங்கும் சொற்கள் அல்ல. வேறு வழியின்றிப் புதுச்சொல் புனைய நேர்ந்தால், ஒலிமாற்ற விதிகளை வரிசையாகச் செலுத்திப் பார்த்து, ஆசிரியர் எழுதாத அவ்வடிவத்தின் முன் உடுக்குறி (*) இட வேண்டும்.