ஹீமோகுளோபின், மயோகுளோபின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் சித்திக்கு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது, விரலில் மாட்டிப் பார்த்தோம், 99 காட்டியது, ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து ரத்தம் பரிசோதித்தால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் 6 கிராம்தான். அன்றைக்குத்தான் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை.

இதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஆக்சிமீட்டர் சொல்வது சதவீதம் மட்டும்: இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்று. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 14 கிராம் இருப்பவருக்கு ஏறக்குறைய 18.8 மி.லி., 6 கிராம் இருப்பவருக்கு 8 மி.லி.தான், ஆனால் இருவருக்கும் கருவி 99 காட்டும். புரதத்தோடு சேராமல் ரத்த நீரில் கரைந்து போகிற ஆக்சிஜன் வெறும் 0.3 மி.லி., அதை நம்பி உடம்பு ஓடாது. அதனால் சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் ஆக்சிமீட்டரோடு நிற்காமல் ரத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

அடுத்த தவறு மாணவர்களிடம் அதிகம். ஆக்சிஜனை எது இறுக்கமாகப் பிடிக்கிறதோ அதுதான் நல்ல புரதம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் தசையில் இருக்கும் மயோகுளோபின்தான் ரத்தத்தில் ஓட வேண்டும், அது ஹீமோகுளோபினைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சரி, ஓடவிட்டுப் பார்ப்போம். நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 100 (ரத்த அழுத்தம் அளக்கிற அதே மி.மீ. பாதரசக் கணக்கு), ஓய்வாக இருக்கும் தசைப் பக்கம் 40. மயோகுளோபின் 100-இல் 97 சதவீதம் நிரம்பும், 40-க்கு வந்தாலும் 93 சதவீதம் நிரம்பியே இருக்கும். வழியெல்லாம் சுற்றிவிட்டு நாலு சதவீதத்தை இறக்கிவைக்கும் வண்டி எதற்கு? ஹீமோகுளோபினோ 97-இலிருந்து 75-க்கு இறங்கிவிடுகிறது, கடுமையாக வேலை செய்யும் தசையில் இன்னும் வெகுவாக இறங்கும். சுமப்பதைவிடச் சமயத்தில் இறக்கிவைப்பதில்தான் அதன் திறமையே இருக்கிறது.

இது எப்படி முடிகிறது என்றால், ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம் (ஆக்சிஜன் வந்து உட்காரும் தட்டு போன்ற பகுதி), அதன் நடுவே ஓர் இரும்பு அணு. ஓர் இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்ததும் அந்த இரும்பு இம்மியளவு நகர்கிறது, அது தன்னோடு பிணைந்த சங்கிலியை இழுக்கிறது, மொத்த வடிவமும் மாறி, மற்ற இடங்களில் ஆக்சிஜன் உட்காருவது எளிதாகிறது. இறங்கும்போதும் அப்படித்தான், ஒன்று போனால் மற்றவையும் எளிதாகக் கழன்றுகொள்ளும். நான்கும் தனித்தனி வேலை என்று எழுதினால் ஆக்சிஜன் அழுத்தம் ஏற ஏற ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்று வரைந்தால் கிடைக்கும் எஸ் வடிவ வளைகோடு வரவே வராது. ஒற்றை ஹீம் உள்ள மயோகுளோபினுக்கு இந்தக் கூட்டு இல்லை. அது தசைக்குள் நிற்கும் தொட்டி, தசையில் ஆக்சிஜன் மிகவும் வற்றும்போதுதான் திறக்கும். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கெண்ட்ரூ 1958-இல் மயோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிய எடுத்துக்கொண்டது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தசை. நீண்ட நேரம் மூச்சடக்கி ஆழத்தில் முக்குளிக்கும் விலங்கு அது, தசை முழுக்க மயோகுளோபின்தான்.

வேலை செய்யும் தசையில் கரியமில வாயுவும் அமிலமும் கூடும், சூடும் ஏறும், இவை எல்லாமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். அமிலமும் கரியமில வாயுவும் செய்யும் இந்த வேலைக்குப் போர் விளைவு என்று பெயர். 1904-இல் இதைச் சொன்னவர் கிறிஸ்டியன் போர், அணு மாதிரிக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் அப்பா.

இரும்பு துருப்பிடிப்பதால்தான் ரத்தம் சிவப்பு என்பார்கள், அதுவும் தவறு. ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து கழன்று போன பிறகு இரும்பு பழையபடி ஃபெரஸ் (இரண்டு எலக்ட்ரான் இழந்த) நிலையிலேயே இருக்கும். துருவில் இருப்பதுபோல் இன்னொரு எலக்ட்ரானையும் இழந்து ஃபெரிக் ஆகிவிட்டால் அதில் ஆக்சிஜன் ஒட்டாது. இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம்: புதிதாக வெட்டிய ஆட்டுக்கறி பளிச்சென்று சிவந்திருக்கும், ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள் கிடந்தால் பழுப்பாகும். மயோகுளோபினின் இரும்பு ஃபெரிக் ஆகிவிட்டது, அவ்வளவுதான். கறியிலிருந்து கசிகிற சிவப்புத் தண்ணீரை ரத்தம் என்று நினைத்து ஏழெட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் வேண்டாத வேலை, ரத்தம் பெரும்பாலும் வெட்டும்போதே வடிந்துவிடும், மிச்சச் சிவப்பெல்லாம் பெரும்பாலும் மயோகுளோபின்தான். கோழிக் காலின் கறி நெஞ்சுக்கறியைவிடக் கறுத்திருப்பதும் இதனால்தான்.

கடைசியாக ஒன்று, இது உயிர் போகிற விஷயம். கரியமில வாயுவையும் கார்பன் மோனாக்சைடையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கரியமில வாயு ஹீமில் உட்காருவதில்லை, பெரும்பகுதி பைகார்பனேட்டாகவே ரத்தத்தில் போகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்திலேயே, 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்காரும். அதோடு, மிச்ச இடங்களில் இருக்கும் ஆக்சிஜனையும் தசைக்கு இறக்கவிடாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஆக்சிமீட்டர் அந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிக்கொள்ளும், 98 என்றுகூடக் காட்டும். எண்ணைப் பார்த்து நிற்காமல் ஆளை உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.