பாட்டி இருக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க

குடும்ப வரலாறு எழுதணும்னா முதல்ல கம்ப்யூட்டர்ல உக்காராதீங்க, வீட்ல வயசுல பெரியவங்க யாரோ அவங்க பக்கத்துல உக்காருங்க. போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி ஓரமா வச்சுட்டு, சும்மா கதை சொல்லுன்னா வராது, பழைய போட்டோ ஒண்ண கையில குடுத்து இது யாருன்னு கேளுங்க, தானா கொட்டும். எங்க அப்பாயி அப்படித்தான், போட்டோ ஓரத்துல நின்ன பையன விரலால தடவிக்கிட்டே "எங்கண்ணன்டா, 42ல ரங்கூன்லருந்து நடந்தே வந்துச்சு"ன்னாங்க, அதுவரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியாது.

வருஷம் கேட்டா சொல்லத் தெரியாது, தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளுங்க (1964 டிசம்பர்), சரியா சொல்லுவாங்க. பழைய பத்திரத்துல தாது வருஷம்னு இருந்தா அவசரப்படாதீங்க, அது 60 வருஷத்துக்கு ஒருக்கா வரும், 1876ம் தாதுதான் 1936ம் தாதுதான். பக்கத்துல பசலின்னு (நிலவரிக் கணக்குக்கான வருஷம்) ஒரு எண் போட்டிருந்தா அதோட 590 கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட இங்கிலீஷ் வருஷம் வந்துரும்.

பேர்லதான் பெரிய குழப்பம். தாத்தா பேர பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால ஒரே பேர்ல மூணு பேர் வருவாங்க, அதனால பட்டப்பேர், ஊர், பொண்டாட்டி பேர் சேத்தே எழுதுங்க. கல்யாணமாகி வெளியூர் போன அத்தைங்கள விட்றாதீங்க, பாதி கதை அவங்ககிட்டதான் இருக்கு. குலதெய்வம் கோயில்ல படையல் அன்னிக்கு ஒரு நோட்டோட போனா பங்காளிங்க எல்லாரையும் ஒரே இடத்துல பிடிச்சிரலாம்.

ரெக்கார்டிங்க அன்னிக்கு ராத்திரியே பென்டிரைவ்லயும் இன்னொருத்தர் போன்லயும் காப்பி போட்ருங்க.