குவாத்தமாலா மாயா சபைகளோடு கைகோர்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நிறைய பிரஸ்பிட்டேரியன் சபைகள் (மூப்பர்கள் கூடி நடத்தும் புராட்டஸ்டன்ட் சபைகள்), மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலைநாட்டில் மாயா பழங்குடி மக்கள் நடத்தும் சபைகளோடு வருஷக்கணக்காகத் தோழமை வைத்திருக்கின்றன. கோடை விடுமுறையில் பத்துப் பதினைந்து பேர் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள், ஒரு வாரம் தங்குவார்கள், சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், கண்ணீரோடு விடைபெறுவார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் போகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு சபை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள், பாதித் தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அது நேற்று முளைத்த சபையும் இல்லை. 1882-ல் ஜனாதிபதி ஹுஸ்தோ ருஃபினோ பாரியோஸ் அழைத்து, ஜான் கிளார்க் ஹில் என்ற பிரஸ்பிட்டேரியன் மிஷனரி குவாத்தமாலா நகரத்துக்கு வந்தார். இன்று அங்கே தேசிய பிரஸ்பிட்டேரியன் சபை உண்டு. கிச்சே, மாம், காக்சிகேல், கெக்சி என்ற மாயா இன மக்களுக்கு அவரவர் பிரஸ்பிட்டரிகள், அதாவது பல ஊர்ச் சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் வட்டார மன்றங்கள், உண்டு. ஊருக்கு ஊர் மூப்பர் சங்கம் கூடுகிறது, கூட்டக் குறிப்பு எழுதுகிறது. இவர்களுக்குப் "பாடம் நடத்தப் போகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும். கிராமத்துப் போதகர்களைத் தலைநகருக்கு இழுத்துப் படிக்க வைத்தால் திரும்ப ஊருக்குப் போவதில்லை என்று கண்டு, 1960-களின் தொடக்கத்தில் இறையியல் பள்ளியையே சான் ஃபெலிப்பே என்ற சின்ன ஊருக்கு மாற்றி, ஆசிரியர்கள் மாணவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் முறையை ஆரம்பித்தது இந்தச் சபைதான். அந்த முறை உலகம் முழுக்கப் பரவி இந்தியாவுக்கும் வந்தது. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே வேதம் படித்துப் பட்டம் வாங்கிய நம்மூர் அண்ணன் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதற்கும் இந்த மலைநாட்டுக்கும் தொடர்பு உண்டு.

அடுத்தது பணம். இதில்தான் நட்பு உடையும். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த, வாட்ஸ்அப்பில் உடனே பதில் போடுகிற ஒரு போதகர் கிடைத்துவிடுவார். அவரிடமே எல்லாம் பேசி, அவர் கணக்குக்கே பணம் அனுப்பிவிடுவோம், ஏனென்றால் பிரஸ்பிட்டரி வழியாகப் போனால் மூன்று மாதம் ஆகும். ஆகட்டுமே! அந்த மூன்று மாதத்தில்தான் கூரை முதலில் எந்த ஊருக்கு, கணக்கை யார் பார்ப்பது என்று மூப்பர்கள் பேசி முடிப்பார்கள். அதைத் தாண்டிக் குதித்தால் பக்கத்துச் சபைகள் அந்தப் போதகரைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிக்கும், அவர் நேர்மையாக இருந்தாலும் சரி. உங்கள் ஊரில் ஒருவர் மூப்பர் சங்கத்துக்குத் தெரியாமல் வெளிநாட்டுக் காணிக்கை வாங்கினால் சும்மா விடுவீர்களா?

ஒரு அடுப்புக் கதையையும் சொல்ல வேண்டும். மூன்று கல் வைத்து வீட்டுக்குள்ளேயே விறகு எரிப்பதால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நுரையீரல் கெடுகிறது; அதனால் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டித் தருவது நல்ல காரியம்தான். ஆனால் அளவை அங்கே சமைக்கிற பெண்ணிடம் கேட்காமல், கூட்டத்துக்கு வந்த ஆண்களிடம் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்த அடுப்பில் சுண்ணாம்பு போட்டு மக்காச்சோளம் வேக வைக்கிற பெரிய பானை உட்காராது. ஒரே நேரத்தில் ஏழெட்டு டோர்ட்டியா (மக்காச்சோள ரொட்டி) சுடத் தகட்டில் இடம் இருக்காது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இரவுக் குளிரில் குடும்பமே நெருப்பைச் சுற்றித்தான் உட்காரும். புது அடுப்பு நெருப்பை மூடிவிடும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் புது அடுப்பின் மேல் சாமான் அடுக்கியிருக்கும், பக்கத்தில் பழைய மூன்று கல் புகைந்துகொண்டிருக்கும். குறை அந்தப் பெண்மேல் இல்லை.

அவளிடம் கேட்பது சுலபமும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானிஷே வராது. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், ஸ்பானிஷிலிருந்து மாம் மொழிக்கு இன்னொருவர் என்று இரண்டு பேர் வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு பதினைந்து நிமிடம் ஆகும், நகைச்சுவை நடுவழியில் செத்துப்போகும். அதற்காக ஸ்பானிஷோடு நிறுத்திக்கொண்டால் ஆண்களோடு மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம், "இது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டதும் எல்லாரும் தலையாட்டினால் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். விருந்தாளி முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது அங்கே மரியாதையில்லை. நமக்குப் புரியாதா என்ன?

கோழிச்சாறு வைத்தால் சாப்பிடுங்கள். உங்கள் தட்டில் கறித்துண்டும் வீட்டுக்காரர் தட்டில் வெறும் சாறும் இருப்பதைக் கவனியுங்கள், அடுத்த முறை எத்தனை பேர் போகலாம் என்று யோசிக்க அது உதவும்.

போரைப் பற்றி நோண்டாதீர்கள். 1960-லிருந்து 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள், ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். காக்சிகேல் பிரஸ்பிட்டேரியன் போதகர் மனுவேல் சாகிக் 1995-ல் கொல்லப்பட்டார், மனித உரிமைக்காகப் பேசியதற்காக. கிராமத்து ஆண்களை மிரட்டி ராணுவம் ரோந்துப் படைகளில் சேர்த்தது. அதனால் இன்றைக்கு ஒரே பெஞ்சில், தம்பியைப் பறிகொடுத்தவரும் அன்று ரோந்தில் துப்பாக்கி பிடித்தவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். அங்கே போய் "உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டுவது கொடுமை. சொல்ல நினைத்தால் ஐந்தாவது வருஷம் அவர்களே சொல்வார்கள். போகிறவர்கள் அமெரிக்கர்களாக இருந்தால், 1954-ல் அங்கே ஆட்சியைக் கவிழ்த்ததில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பங்கையும், அடக்குமுறை செய்த படைகளுக்குக் கொடுத்த ஆதரவு தவறு என்று 1999-ல் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் அங்கேயே போய் ஒப்புக்கொண்டதையும் படித்துவிட்டுப் போங்கள். கேட்பவர்களுக்கு அது தெரியும்.

விசுவாச விஷயத்திலும் சறுக்கல் உண்டு. சிலர் மாயா நாட்காட்டி, மலைச் சடங்கு என்று உருகிப்போய் ஒரு மூப்பரிடம் அதைப் பற்றி விசாரிப்பார்கள். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். பக்கத்து ஊர்ப் போதகரோ முன்னோர் மரபைச் சுவிசேஷத்தோடு சேர்த்தே வாசிப்பவராக இருக்கலாம். "மாயா கிறிஸ்தவர்" என்று ஒற்றை அச்சு கிடையாது. பீர் விஷயத்தில் மட்டும் அநேகமாக எல்லாரும் ஒரே கட்சி: குடியை விட்டதுதான் அங்கே பலருக்கு மனந்திரும்புதலின் முதல் அடையாளம், ஹோட்டலில் நீங்கள் திறக்கும் பாட்டில் ஊருக்குள் செய்தியாகிவிடும்.

கடைசியாக, எப்போதும் நாமே போய்க்கொண்டிருப்பது. அவர்கள் அமெரிக்காவுக்கு வந்து பிரசங்கம் பண்ணட்டும் என்று தீர்மானம் போடுவது லேசு, விசாவில் மாட்டும். 185 டாலர் கட்டணம், மறுத்தால் திரும்பக் கிடைக்காது. நேர்காணலுக்குத் தலைநகர் போய்வரும் பஸ் செலவு தனி. பட்ஜெட் போடும்போதே அந்த வரியையும் சேர்த்து, இரண்டு தடவை மறுக்கப்படும் என்ற கணக்கிலேயே போடுங்கள்.