கப்பி தின்ற இரண்டு நியூற்றன்

மகள் பத்தாம் தரம். எளிய பொறிகள் பாடத்துக்காக, கிணற்றடியில் கழற்றிப் போட்டிருந்த இரும்புக் கப்பியை அசையும் கப்பியாக்கி, ஒரு கிலோ சீனியைக் கொழுவினோம். கயிற்றின் ஒரு நுனி கொட்டில் வளையில், மற்றதில் விற்றராசு. சுமை 10 நியூற்றன், தாங்குவது இரண்டு கயிறு. எனவே எத்தனம், அதாவது நாம் இழுக்கும் விசை, 5 வரவேண்டும். காட்டியதோ 7.5.

"அம்மா, புத்தகம் பிழையோ?" என்றாள்.

உராய்வுதான் என்று நினைத்து அச்சுக்குக் கிறீஸ் பூசினேன். தும்புக் கயிற்றை மாற்றி நைலோன் போட்டேன். தராசின் பூச்சியத்தையும் சரிபார்த்தேன். மூன்று பின்னேரம் போனது, முள் அசையவில்லை.

நாலாம் நாள் சுமையை மெதுவாக இறக்கும்போது தற்செயலாகத் தராசைப் பார்த்தேன்: 6.5. உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிர்ப்பக்கம். ஏற்றும்போது கூட்டும், இறக்கும்போது குறைக்கும். இரண்டுக்கும் நடு 7. அப்படியென்றால் உராய்வின் பங்கு வெறும் அரை நியூற்றன். மிச்சம் 2 எங்கே?

கப்பியைத் தனியே நிறுத்தோம். 400 கிராம், அதாவது 4 நியூற்றன். சுமையோடு அதுவும்தானே மேலே ஏறுகிறது! (10 + 4) ÷ 2 = 7.

சீனியை அரை மீற்றர் உயர்த்த ஒரு மீற்றர் கயிறு இழுத்தோம். கொடுத்த வேலை 7.5 யூல், பயன்பட்டது 5. வினைத்திறன் ஏறக்குறைய 67 சதவீதம். சுமையைக் கூட்டினால் கப்பியின் பங்கு சிறுத்து இது உயரும். மகள் இப்போது அரிசியை நிறுத்துக்கொண்டிருக்கிறாள்.