ஒரு சாலையை முறையாக ஆராயத் தொடங்குவது எப்படி?

சாலைகளை ஆராய விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது, ஆராயும் பரப்பைச் சுருக்கிக்கொள்வதுதான். நாட்டின் எல்லா நெடுஞ்சாலைகளையும் பட்டியலிடும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் அது பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடும். அடிக்கடி போய்வரக்கூடிய ஒரு சாலையில் இருபது கிலோமீட்டருக்கு மிகாத ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, அது ஏன் இந்த இடத்தில், இந்த எண்ணோடு, இந்த வடிவில் இருக்கிறது என்று சான்றுகளோடு விடை தேடுங்கள்.

அடுத்து, எண்ணைக் கவனியுங்கள். அமெரிக்காவில் இன்டர்ஸ்டேட் எனப்படும் விரைவுச்சாலைகளில் கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை எண்களும், தெற்கு வடக்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண்களும் தரப்பட்டுள்ளன. எண்கள் தெற்கிலிருந்து வடக்கே போகப்போகவும் மேற்கிலிருந்து கிழக்கே போகப்போகவும் கூடும். அதே நாட்டில் 1926-இல் உருவான, யு.எஸ். என்ற முன்னொட்டோடு எண்ணிடப்பட்ட பழைய நெடுஞ்சாலைகளில் எண்கள் கூடும் திசை இதற்கு நேர்மாறு. இந்தியாவில் 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டபோது, மூன்று இலக்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைக் குறிக்கும்படி அமைக்கப்பட்டன; 544 என்பது 44-இன் கிளை.

விதி தெரிந்திருந்தால்தான் விதிவிலக்கு கண்ணில் படும். பென்சில்வேனியாவின் இன்டர்ஸ்டேட் 99, எண்ணின்படி பார்த்தால் 95-க்குக் கிழக்கே இருக்க வேண்டும். இருப்பதோ 81-க்கும் மேற்கே. எந்த வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்குக் காரணம் புலப்படாது. அந்த எண்ணை 1995-ஆம் ஆண்டின் சட்டமொன்றே நேரடியாக விதித்துவிட்டது. உங்கள் பகுதியில் இப்படிப் பொருந்தாத ஏதேனும் கண்ணில் பட்டால், அதையே முதல் கேள்வியாக எழுதி வையுங்கள்.

மூன்றாவதாக, அதே பகுதியின் பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒரே அளவில் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பழைய வரைபடத்தில் வளைந்தும் இன்று நேராகவும் உள்ள இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட வழித்தடம் எளிதில் மறைவதில்லை: நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சற்றுத் தொலைவில் மீண்டும் அதனோடு சேரும் வில் போன்ற தெருவாகவோ, காரணமின்றி வளையும் மனை எல்லையாகவோ, வயலுக்குள் விலகிப் போகும் மர வரிசையாகவோ அது எஞ்சியிருக்கும்.

நேரில் பார்க்கும்போது பலரும் தவறவிடுவது சிறுபாலங்களைத்தான். என் கணிப்பில், பெரிய மேம்பாலங்களைவிட இவையே அதிகம் சொல்லும். மேலிருந்து பார்த்தால் சாலை ஒரே சீரான தார்ப்பரப்பாகத் தெரியும். நீர் வற்றிய காலத்தில், பாதுகாப்பாக இறங்க இடமிருந்தால், அடிப்பகுதியைப் பாருங்கள்: ஒரு பாதி செங்கல் வளைவாகவும் மறு பாதி கான்கிரீட் தளமாகவும், இடையே நீளவாக்கில் ஒரு தெளிவான இணைப்புக் கோட்டோடும் அமைந்திருக்கலாம். சாலை எந்தப் பக்கம் அகலப்படுத்தப்பட்டது என்பதற்கு அந்தக் கோடே சான்று. கைப்பிடிச் சுவரில் பொறித்த ஆண்டை மட்டும் உடனே நம்பிவிட வேண்டாம். அது பாலம் கட்டிய ஆண்டாகவும் இருக்கலாம், அகலப்படுத்திய ஆண்டாகவும் இருக்கலாம். விரைவுச்சாலைகளில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது ஆபத்தானது, பல நாடுகளில் குற்றமும்கூட. அங்கே உடன் வருபவர் ஓடும் வண்டியிலிருந்து எடுக்கும் படம் போதும்.

இதன் பிறகே ஆவணங்களுக்குச் செல்லுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ஆவணக் காப்பகத்தில் நுழைந்தால் நாட்கள் வீணாகும். அரசிதழ் அறிவிப்புகள், நிலம் கையகப்படுத்திய ஆணைகள், துறையின் ஆண்டறிக்கைகள், அக்கால நாளிதழ்கள் ஆகியவை பயன் தரும். அடிக்கல் நாட்டிய நாள், திறந்துவைத்த நாள், போக்குவரத்து தொடங்கிய நாள் மூன்றும் வேறுவேறாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு தேதியின் அருகிலும் அது எதற்குரியது என்று எழுதுங்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சான்றுகள் கிடைக்கும்வரை எந்த முடிவையும் ஊகம் என்றே குறித்து வையுங்கள்.

நேரில் உறுதிசெய்த திருத்தங்களை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே பதியலாம். ஆனால் பதிப்புரிமை உள்ள வேறு வரைபடங்களைப் பார்த்து அதில் வரைவதற்கு அனுமதி இல்லை. இன்று தரையில் இல்லாத பழைய வழித்தடங்களையும் அங்கே சேர்க்காமல் உங்கள் சொந்தக் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.