பவர் டியூப் மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்கள், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் தேய்ந்ததும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லா இருக்கும்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் ஆம்பில் பயாஸை, அதாவது பாட்டு ஓடாதபோதும் டியூப் இழுக்கும் கரண்டின் அளவை, எப்படி வைக்கிறார்கள் என்பது தெரியாமல் டியூப் வாங்கினால் பாதிப் பணம் வீண்.

1959-இல் வந்து இன்றும் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கும் டைனகோ ஸ்டீரியோ 70-ஐப் பாருங்கள். ஈஎல்34 என்ற வகை பவர் டியூப் நான்கு, சேனலுக்கு 35 வாட். ஒரு சேனலின் இரண்டு டியூபுக்கும் சேர்த்து ஒரே பயாஸ் திருகுதான். முன்பக்க சாக்கெட்டில் மீட்டரை வைத்து 1.56 வோல்ட் வரும்வரை திருக வேண்டும். 15.6 ஓம் ரெசிஸ்டரில் அளக்கும் வோல்ட் அது. அதாவது இரண்டு டியூபும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் இழுக்கின்றன. ஆளுக்கு 50 என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பொருந்தாத ஜோடியைப் போட்டால் ஒன்று 70, இன்னொன்று 30 என்று இழுக்கலாம். மீட்டர் அப்போதும் 1.56 என்றே காட்டும்! டியூபுக்கு வரும் 400 வோல்ட்டில் 70 மில்லிஆம்பியர் என்றால் 28 வாட் வெப்பம். அதில் ஸ்கிரீன் கிரிட் என்ற உள்வலையின் பங்கைக் கழித்தாலும், ஈஎல்34-இன் பிளேட் (கரண்டை வாங்கும் உள் தகடு) தாங்கும் 25 வாட் வரம்பை ஒட்டி நிற்கும். பிளேட் சிவக்க ஆரம்பிப்பது இப்படித்தான். போதாததற்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) சமமில்லாமல் ஓடி பேஸ் ஒலியும் கெடும்.

அதனால் இந்த மாதிரி ஆம்புக்கு மேட்ச் செய்த, அதாவது ஒரே அளவு கரண்ட் இழுக்கும் ஜோடி கட்டாயம். ஆனால் நான்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. சேனலுக்கு ஒரு நல்ல ஜோடி போதும். பெட்டியில் "மேட்ச்டு" என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், அளந்த கரண்ட் எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு டியூபுக்கும் தனித் திருகு உள்ள ஆம்ப் என்றால் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் சமாளிக்கலாம். டியூபின் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டர் தானாகவே கரண்டைக் கட்டுப்படுத்தும் கேத்தோடு பயாஸ் ஆம்புகள் இன்னும் பொறுமைசாலிகள்.

அடுத்தது, பெரிய டியூப் போட்டால் பவர் கூடும் என்ற ஆசை. கேடி88 என்ற டியூபுக்கு 42 வாட் வரம்பு, அதைச் சூடாக்கும் ஹீட்டர் இழுப்பது 1.6 ஆம்பியர். அதைவிடப் பெரிய கேடி150-க்கு 70 வாட், ஹீட்டர் 2 ஆம்பியர் வரை போகும். நான்கு டியூபுக்கு 1.6 ஆம்பியர் அதிகம். அதைச் சுமப்பது உங்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மர். சப்ளை வோல்டேஜும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் மாறாதபோது வாட் எங்கிருந்து வரும்? தயாரிப்பாளர் சரி என்று சொல்லியிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். 6எல்6 என்ற வேறு டியூபுக்காகச் செய்த ஆம்பில் ஈஎல்34 போடுவதும் இதே கதைதான்: ஈஎல்34-இன் 1-ஆம் பின் சப்ரஸர் கிரிட் என்ற இன்னொரு உள்வலை, சாக்கெட்டில் அதை 8-ஆம் பின்னோடு (கேத்தோடு) இணைத்திருக்க வேண்டும்.

இனி பிராண்ட். இன்று வரும் முல்லார்ட் பெட்டிக்குள் இருப்பது ரஷ்யாவின் சரடோவில் செய்தது. பழைய முல்லார்ட் ஈஎல்34 இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்தது. கோல்ட் லயன், டங்-சால், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எல்லாம் இப்போது அதே சரடோவ் தொழிற்சாலைதான். மோசம் என்று சொல்லவில்லை. பழைய பெயருக்காகப் பழைய விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பழைய சரக்கே வேண்டும் என்றால் மேலே அச்சடித்த பெயரைப் பார்த்துப் பயனில்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கண்ணாடியின் அடிப்பக்கம் பொறித்திருக்கும் சின்னக் குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மாட்டும்போது அடிப்பாகத்தைப் பிடித்து அழுத்துங்கள். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் அது அடியிலிருந்து ஆட்டம் கண்டுவிடும். பின்களுக்கு நடுவில் இருக்கும் வழிகாட்டிக் குச்சி உடைந்த டியூப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது இல்லாமல் எந்தத் திசையிலும் சாக்கெட்டுக்குள் போகும், 400 வோல்ட் எந்தப் பின்னுக்கு வேண்டுமானாலும் வரும். புது டியூப் போட்டதும் பயாஸைக் குறைந்த கரண்டில் வைத்து ஆன் செய்து, அரைமணி கழித்து மறுபடி அளந்து, அப்புறம் சரியான இடத்துக்கு ஏற்றுங்கள்.